தண்ணீர் குறையும்போது யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது?

காவிரிப் பிரச்சினை என்றாலே டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்குதான் நினைவுக்கு வரும். நடுவர் மன்றம் 2007-இல் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு விட வேண்டியது 192 என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 ஆக்கியது. மழை கொட்டிய வருஷத்தில் இந்த எண்களால் யாருக்கும் சங்கடமில்லை. தீர்ப்பு வந்த அதே 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு, முக்கொம்பு மேலணையின் மதகுகள் 9 அடித்துக்கொண்டு போயின. அப்போது யாரும் பங்கு கேட்கவில்லை. பங்கு என்பது குறைந்த தண்ணீருக்குத்தான் தேவைப்படுகிறது.

டெல்டாவின் பழைய வழக்கங்களும் குறைந்த தண்ணீருக்காக உண்டானவைதான். அவற்றை ஒரே சொல்லில் 'முறை' என்பார்கள். 'முறை வைத்துப் பாய்ச்சுவது', 'எங்க முறை நாளைக்கு', 'முறை தப்பிப்போச்சு' என்றெல்லாம் இன்றைக்கும் புழங்குகிற சொல். இதில் அளக்கப்படுவது தண்ணீரின் கொள்ளளவு இல்லை, அது ஓடும் நேரம். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுவோம். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெள்ளக் காலத்து மிச்சம் கொள்ளிடத்துக்குப் போகும். வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரியும், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என மூன்றாகும். ஒவ்வோர் ஆற்றிலிருந்தும் வாய்க்கால்கள் கிளம்பும். பொதுப்பணித் துறைக் கணக்கில் ஆற்றிலிருந்து நேரே பிரிவது 'ஏ' வாய்க்கால், அதிலிருந்து பிரிவது 'பி', அப்புறம் சி, டி என்று இறங்கும். வாய்க்காலில் இருந்து வயலுக்குள் நுழைகிற வெட்டு வாமடை. ஒரு வயல் நிரம்பி வரப்பிலுள்ள வாமடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். கடைசியில் வடிகாலில் விழும். மேல் ஊரின் வடிகால் கீழ் ஊருக்குப் பாய்கால் ஆவதும் உண்டு.

மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி ஊர்களுக்கு, போய்ச் சேர இன்னும் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். வறண்ட மணல் படுகை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இடையிலான பூசலுக்குப் பாதிக் காரணம் இந்த நாள் கணக்கு.

இந்தப் பூசல் எவ்வளவு பழையது என்பதைச் செப்பேடுகள் காட்டிவிடுகின்றன. பல்லவர், சோழர் காலத்துத் தானச் செப்பேடுகளில் நிலத்தோடு நீர் உரிமையையும் கொடுக்கும்போது, என்னென்ன செய்யக் கூடாது என்று ஒரு வரிசை வரும். குறங்கறுத்தல்: வாய்க்காலின் பக்கத்தில் வெட்டித் தனக்குக் கிளை இழுத்துக்கொள்வது. விலங்கடைத்தல்: வாய்க்காலின் குறுக்கே அடைத்து மட்டத்தை உயர்த்திக்கொள்வது. குற்றேத்தம்: சிறு ஏற்றம் போட்டு இறைப்பது. கூடைநீர்: இறைகூடையால் அள்ளி ஊற்றுவது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்தப் பட்டியலை இன்றைய வாய்க்கால் கரையில் வைத்துப் படித்தால், ஏற்றம் இருந்த இடத்தில் ஆயில் என்ஜினைப் போட்டால் போதும், வேறு எதையும் திருத்த வேண்டியதில்லை.

சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் முகவரியே வாய்க்கால்தான். இன்ன வதிக்கு (பாதைக்கு) மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாறு (கிளை வாய்க்கால்), இத்தனையாம் சதிரம் (சதுரத் துண்டு) என்று எழுதுவார்கள். எந்த மடையில் பாய்கிறது என்று சொல்லாமல் ஒரு வயலை அடையாளம் காட்ட முடியாது. நில ஆவணமும் நீர் ஆவணமும் ஒன்றாக இருந்த காலம் அது.

இனி முறை வைப்பது எப்படி என்று பார்ப்போம். ஒரு வாய்க்காலில் மூன்று ஊர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமடை ஊருக்கு 30 வேலி, நடுவூருக்கு 20, கடைமடைக்கு 10. வேலி என்பது 20 மா, சுமார் 6.6 ஏக்கர். ஆறு நாள் முறை என்றால் 3 நாள், 2 நாள், 1 நாள் என்று பிரிப்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் அப்படியே பிரித்தால் கடைமடை ஏமாறும். முந்தைய முறையில் மேல் இரண்டு ஊர்களுக்கும் பாய்ந்தபோது அடிப்பகுதி காய்ந்து கிடந்திருக்கும். அந்த வாய்க்கால் நனைந்து தண்ணீர் ஊருக்குள் வர அரை நாள் பிடித்தால், ஒரு நாள் பங்கில் பாதி மண்ணுக்குப் போய்விடும். அதனால் பங்கு நேரத்தோடு ஓட்ட நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாறாக, மேலே மதகை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் கீழே வந்துகொண்டிருக்கும். அது கடைமடைக்கு லாபம். இந்த இரண்டையும் கழித்துக் கூட்டிப் பார்க்காமல் போடுகிற முறை ஒரு சுற்றுகூடத் தாங்காது.

அளவும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் 24 மணி நேரம் ஓடினால், சேதாரமில்லாமல் 12 ஏக்கரில் இரண்டு அங்குலம் நிற்கும். மணற்பாங்கான தலைப்பில் இதில் கணிசமாக இழப்பு. கடைமடைக் களிமண்ணில் குறைவு. வாய்க்காலில் வருவது 10 கன அடி என்றால் 60 வேலிக்கு, அதாவது சுமார் 400 ஏக்கருக்கு, ஒரு சுற்று நனைக்க மூன்று நான்கு நாளாவது வேண்டும். ஆறு நாள் முறை என்பது இப்படி வருகிற எண். நெல் அத்தனை நாள் தாங்குமா? தாங்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் பயிருக்கு நல்லதுதான். ஆனால் கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் சமயத்தில் காயவிட்டால் பதராகிவிடும். நல்ல முறையில் இதற்கு ஒரு விலக்கு இருக்கும்: கதிர் பருவத்தில் இருக்கிற வயலுக்கு முறை மாற்றித் தருவது, அடுத்த சுற்றில் அதைக் கழித்துக்கொள்வது.

யார் திறப்பது, யார் அடைப்பது என்பதுதான் இதில் நுட்பமான இடம். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணிக்காரர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நிலம் உள்ளவர் மதகில் கைவைக்கக் கூடாது, நீர்க்கட்டிதான் வைக்க வேண்டும் என்பது விதி. அவர் பெரும்பாலும் நிலமில்லாதவர். கூலி மாதச் சம்பளமாக வராது. அறுவடையில் களத்து மேட்டில் அளக்கிற 'சுதந்திரமாக', அதாவது நெல்லில் தரும் வழக்கப் பங்காக, வரும். தலைமடையில் விளைந்து கடைமடை காய்ந்தால் கடைமடைக் களத்தில் அவருக்கு அளக்க நெல் இராது. ஆகவே அவரது வயிறு எல்லா வயலோடும் கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் எடுப்பதில் அவருக்கு ஆதாயமில்லை, எல்லோருக்கும் போய்ச் சேர்வதில் ஆதாயம் உண்டு. இப்படி ஒரு நடுவரை இன்றைய ஆணையங்களில் தேடினால் கிடைப்பது கடினம்.

இதை மெச்சிக்கொண்டே போய்விடவும் முடியாது. அவர் நடுநிலையாக இருந்ததன் மறுபக்கம், அவருக்கு நிலம் கிடைக்காமல் வைத்திருந்த சாதி ஏற்பாடு. மிராசுதாரரின் மதகில் அவரால் எந்த அளவுக்குக் கறாராக இருந்திருக்க முடியும் என்பதும் கேள்விதான். வழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நடுவரின் ஊதியம் எதோடு கட்டப்பட்டது என்ற அமைப்பை மட்டும்தான்.

உரிமையை உழைப்போடு கட்டியது குடிமராமத்து. கோடையில் ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில் வீட்டுக்கு ஆள் அல்லது நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் வந்து தூர்வார வேண்டும். வராதவர் பணம் கட்ட வேண்டும். ஆங்கிலேயர் இதையே 1858-இல் சென்னை மாகாணச் சட்டமாக்கினார்கள். சட்டமான பிறகு மெல்ல நலிந்தது, அது தனிக்கதை. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் தூர்வாரும் வேலை ஒப்பந்தமாக நடக்கிற வரை, வாய்க்காலில் இறங்கி வெட்டினவனுக்குத்தான் தண்ணீர் என்ற பழைய பிணைப்பு திரும்பாது.

கரையீடு என்ற வழக்கம் இன்னும் சுவையானது. தஞ்சைச் சீமையில் பல ஊர்களில் நிலம் மிராசுதாரர்களின் கூட்டுச் சொத்தாக இருந்தது. பசுங்கரை முறையில் சில வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தைக் கரைகளாக (பங்குகளாக) பிரித்துச் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். இந்தச் சுற்றில் மதகுக்குப் பக்கத்தில் உழுதவர் அடுத்த சுற்றில் கடைசி வயலுக்குப் போக நேரலாம். போகப்போகிறோம் என்று தெரிந்தவர் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாமல் அடைக்க மாட்டார். அறுதிக்கரையில் இது கிடையாது. ஒருமுறை பிரித்ததோடு சரி, அவரவர் நிலம் அவரவர்க்கு. அறுதிக்கரை பரவப் பரவத் தலைமடை, கடைமடை என்பது நிரந்தர விதியாகிவிட்டது.

இந்த இரண்டு கரைகளையும் மனதில் வைத்துக்கொண்டு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களைப் பார்க்கலாம். 1960-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட சிந்து நதி ஒப்பந்தம் அறுதிக்கரை. கிழக்கே ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. மேற்கே சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. தண்ணீரைப் பங்கிடவில்லை, ஆறுகளைப் பங்கிட்டார்கள். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதால் போர்களையும் தாண்டி அது நின்றது. அதே காரணத்தால் கூட்டாக எதையும் பராமரிக்கிற பழக்கமும் வளரவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

கங்கை ஒப்பந்தம் வேறு வகை. 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் கையெழுத்திட்டது, 30 ஆண்டுக்கானது. ஜனவரி முதல் மே வரை கங்கையின் ஃபராக்கா அணையில் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் கணக்கு. வரத்து வினாடிக்கு 70,000 கன அடிக்குள் இருந்தால் ஆளுக்குப் பாதி. கடும் கோடையான மார்ச் 1 முதல் மே 10 வரை, மாறி மாறி வரும் பத்து நாள் தவணைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் மும்மூன்று முறை 35,000 கன அடி உறுதி. இதை ஒரு டெல்டா விவசாயியிடம் சொன்னால் விளக்கமே கேட்க மாட்டார். இது அப்பட்டமான முறைப்பாசனம். என்றாலும் வரத்து 50,000-க்குக் கீழே இறங்கினால் இரு அரசுகளும் உடனே கலந்து பேச வேண்டும் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. மிகக் கடுமையான பஞ்சத்துக்கு அங்கும் எண் இல்லை.

காவிரிக்கு வருவோம். 1924 ஒப்பந்தத்தை இங்கே பலரும் 44.8 டி.எம்.சி. கொள்ளளவுள்ள கிருஷ்ணராஜ சாகருக்கான அனுமதிச் சீட்டாகவே பார்க்கிறார்கள். அதன் இணைப்பிலுள்ள ஒழுங்குவிதிகளைப் பார்த்தால் வேறொன்று தெரியும். முக்கொம்பில் ஆற்றின் மட்டம் இத்தனை அடி இருக்க வேண்டும், அதற்கு மேல் வருகிற தண்ணீரைத்தான் மைசூர் தேக்கலாம் என்று மாதவாரியாக வகுத்திருந்தார்கள்: ஜூலை, ஆகஸ்டில் 7.5 அடி, ஜனவரியில் 3 அடி என்பதுபோல. மதகுத் தூணில் கோடு கிழித்து, கோடு நனைந்தால்தான் மேலே அடைக்கலாம் என்று சொல்வதன் பெரிய வடிவம் இது. அளவுகோல் மேல் மாநிலத்தின் அணையில் இல்லை, கீழே டெல்டாவின் வாசலில் நட்டிருந்தது. யாரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

2007 இறுதித் தீர்ப்பு கொள்ளளவுக்கு மாறியது. மொத்தம் 740 டி.எம்.சி., அதில் தமிழ்நாடு 419, கர்நாடகம் 270, கேரளம் 30, புதுச்சேரி 7. சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. உச்ச நீதிமன்றம் 14.75-ஐத் தமிழ்நாட்டிலிருந்து கழித்துக் கர்நாடகத்தில் சேர்த்தது, அதில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. மாத அட்டவணை ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று போகிறது. சாதாரண ஆண்டுக்கு இது நல்ல அட்டவணை. வறட்சி ஆண்டுக்கு ஒரே ஒரு வாசகம்: பங்குகளை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விகிதத்தில் குறைப்பது என்றால் எதிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்த கணக்கின்படி? ஜூலையில் பொய்த்த மழை செப்டம்பரில் பெய்யலாம். கர்நாடகம் அணையில் இருப்பைக் காட்டும், தமிழ்நாடு வந்த வரத்தைக் காட்டும். ஒருவர் குடிநீரைத் தனியே எடுத்துவைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குவார், இன்னொருவர் வடகிழக்குப் பருவமழையைச் சேர்க்காதே என்பார். ஊர் முறையில் ஓட்ட நேரம், மிச்சத் தண்ணீர், கதிர்ப் பருவம் என்று முன்கூட்டியே பேசித் தீர்த்த சங்கதிகள் இங்கே தீர்க்கப்படாமலே நிற்கின்றன.

2023 இதற்குச் சரியான பாடம். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்தது. தென்மேற்குப் பருவமழை கைவிட்டது. குறுவை வயலில் நிற்கும்போது, ஆகஸ்ட் கடைசியில் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு 15 நாளுக்கு வினாடிக்கு 5,000 கன அடி என்றது. கர்நாடகத்தின் நான்கு அணைகளின் வரத்தை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட்டார்கள். செப்டம்பரில் மறுபடி 5,000, உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது, பிறகு 3,000. பெங்களூருவில் முழு அடைப்பு, அடுத்து மாநிலம் தழுவிய முழு அடைப்பு. அக்டோபர் 10-இல் மேட்டூரை மூட வேண்டியதாயிற்று.

எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. 5,000 கன அடி 15 நாள் ஓடினால் 6.48. செப்டம்பர் அட்டவணையில் பாதி மாதத்துக்கு வர வேண்டியது 18-க்கு மேல். இன்னொரு கணக்கில், 5,000 கன அடி சேதாரமே இல்லாமல் வயலுக்கு வந்தாலும் ஒரு நாளில் 60,000 ஏக்கருக்கு இரண்டு அங்குலம்தான். ஆகவே டெல்டாக்காரரின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது, குழு பின்பற்றிய கணக்கு முறையே அந்தப் பருவத்தின் நடுவில் தகராறுக்குரிய பொருளாக இருந்தது என்பதுதான். ஆட்டம் நடக்கும்போது விதி எழுதினால் தோற்றவன் விதியைத்தான் குறை சொல்வான்.

அளப்பதில் ஒரு நல்ல அம்சத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. பிலிகுண்டுலு அளவீட்டு நிலையம் இரு மாநிலத்தின் கையிலும் இல்லை, மத்திய நீர் ஆணையத்திடம் இருக்கிறது. எவ்வளவு வர வேண்டும் என்பதில்தான் சண்டை. எவ்வளவு வந்தது என்பதில் பெரிய சண்டை கிடையாது. முறை நாளில் கடைமடைக்காரர் தலைப்புக்கு ஆள் அனுப்பி ராத்திரி முழுக்க மதகில் காவல் போடுவாரே, அந்த வேலையில் பாதியை இது செய்துவிடுகிறது. மீதிப் பாதி, மேல் அணைகளின் வரத்தையும் இருப்பையும் கீழே இருப்பவர் நேரில் பார்த்து நம்புவது. 2003-இல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று அமைத்தபோது அணைகளையும் வயல்களையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். கர்நாடகத்து மண்டியாவிலும் காய்ந்த பயிர் இருக்கிறது என்பதைத் தஞ்சாவூர்க்காரர் கண்ணால் கண்டது அதில் கிடைத்த பெரிய பயன். சட்டபூர்வ அதிகாரம் இல்லாததால் அது அதற்கு மேல் போகவில்லை.

டெல்டா தன் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கர்நாடகத்திடம் 'கஷ்டத்தையும் பங்கிடு' என்று கேட்கிற அதே படுகையில், தலைமடையில் பம்புசெட் போட்டவருக்கு வாய்க்கால் முறையில் அக்கறை போய்விட்டது. நிலத்தடி நீர் கைவசம் இருப்பவர் தூர்வார வரமாட்டார், கூட்டத்துக்கும் வரமாட்டார். நிலத்தடி உப்பாகிப்போன வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்தில் அந்த மாற்றுவழியே கிடையாது. மணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடங்களில் ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலின் தலைப்பு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அப்போது விலங்கடைக்காமல் தண்ணீர் ஏறாது, அடைத்தால் கீழ் ஊர் சும்மா இருக்காது. வடிகாலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே கடைமடைதான் மூழ்கும். குறைந்தாலும் அவருக்கு, மிகுந்தாலும் அவருக்கு.

முறை எப்போது பேசப்பட்டது என்பதை வைத்தே முடித்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் காய்ந்திருக்கும். தூர்வார எல்லா ஊர்க்காரரும் அதே படுகையில் இறங்கி நிற்பார்கள். யாருடைய வயலிலும் பயிர் இல்லை, யாருக்கும் அவசரமில்லை. இந்த வருஷம் தண்ணீர் பாதியாக வந்தால் எத்தனை நாள் முறை, கால்வாசியாக வந்தால் எந்த வயலைத் தரிசு போடுவது என்று பேச அதுதான் சமயம். காவிரி அட்டவணையின் நீர் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. மேலாண்மை ஆணையத்தின் பற்றாக்குறைக் கணக்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே, நான்கு அணையும் அடிமட்டத்தில் கிடக்கும்போதே, 'வரத்து இத்தனை சதவீதம் குறைந்தால் இத்தனை கன அடி' என்று படிப்படியாக எழுதி இரு பக்கமும் கையெழுத்திட்டதாக இருந்தால், ஆகஸ்டில் குழு கூடிச் செய்ய வேண்டிய வேலை பெருக்கல் மட்டும்தான்.